புது ஏசி குளிரவில்லையா? கேஸ் ஏற்றுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

சேலம் கன்னங்குறிச்சியிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். மேல்மாடியில் 12க்கு 14 அடி படுக்கையறை. மார்கழிக் குளிரில் அம்மாவுக்கு மூட்டு வலி வருகிறது என்பதால் குளிரும் சூடும் தருகிற ஹாட் அண்ட் கோல்ட் வகையில், கம்ப்ரசர் வேகம் தேவைக்கேற்ப மாறுகிற 1.5 டன் இன்வர்ட்டர் ஸ்பிளிட் ஏசி வாங்கி மாட்டியிருக்கிறார். மூன்று வாரம் ஆகிறது. மதியம் 3 மணிக்கு 24-ல் வைத்தாலும் அறை 29-க்குக் கீழே இறங்குவதில்லை. ராத்திரி 9 மணிக்குப் போட்டால் 1 மணிக்கு மேல்தான் போர்வை தேடும் அளவுக்குக் குளிர் வருகிறது. மாட்டிவிட்டுப் போன ஆளைக் கூப்பிட்டால், "கேஸ் கம்மியா இருக்கும் சார், ஏத்திரலாம்" என்று ஒரு தொகை சொல்கிறார். ஏற்றலாமா என்பது கேள்வி.

இப்போதைக்கு வேண்டாம். கேஸ் என்பது பெட்ரோல் மாதிரி ஓட ஓடத் தீர்ந்துபோகிற சரக்கு இல்லை. மூடிய செம்புக் குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது. தொழிற்சாலையிலேயே எடை போட்டு நிரப்பி, எத்தனை கிராம் என்று வெளி யூனிட் தகட்டில் அச்சடித்தும் விடுகிறார்கள். மூன்று வாரத்தில் அது குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது, அல்லது மாட்டும்போதே வெளியே விட்டிருக்கிறார்கள். இரண்டுமே மாட்டியவர் காசு வாங்காமல் சரிசெய்ய வேண்டிய குறை. கேஸ் சேர்ப்பதற்கு நியாயமான காரணம் ஒன்று உண்டு. நிரப்பி வருகிற கேஸ் குறிப்பிட்ட நீளக் குழாய்க்குத்தான் கணக்கு. உங்கள் வீட்டில் உள் யூனிட் ஒரு பக்கமும் வெளி யூனிட் மாடிக் கோடியிலுமாக இருந்து, குழாய் ஏழெட்டு மீட்டர் ஓடியிருந்தால், கூடுதல் மீட்டருக்கு இத்தனை கிராம் என்று கையேட்டில் போட்டிருக்கும். சிறிய மெஷின்களில் பெரும்பாலும் மீட்டருக்கு 20 கிராமை ஒட்டி வரும். அதைத் தராசு வைத்துத்தான் ஏற்ற வேண்டும். "கம்மியா இருக்கும்" என்று ஊகத்தில் ஏற்றக் கூடாது.

உங்கள் கேள்வியிலேயே நல்ல தடயம் ஒன்று இருக்கிறது: பின்னிரவில் நன்றாகக் குளிர்கிறது. மெஷின் சுத்தமாகப் படுத்துவிடவில்லை என்று அதற்கு அர்த்தம். வெயில் நேரத்தில் மட்டும் திணறுகிறது என்றால் நான்கு சந்தேகங்கள் வரும். அறைக்குள் வருகிற வெப்பம் அதிகம். வெளி யூனிட்டுக்கு மூச்சு முட்டுகிறது. குழாய்க்குள் காற்று சிக்கியிருக்கிறது. கேஸ் ஓரளவு குறைவு. நான்கும் அறையில் உட்கார்ந்திருப்பவருக்கு ஒரே மாதிரிதான் தெரியும். பிரித்துப் பார்க்க 300 ரூபாய்க்குள் கிடைக்கிற கம்பி முனை டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்று போதும். கூடவே ஆம்பியர் பார்க்க ஒரு கிளாம்ப் மீட்டர் கிடைத்தால் நல்லது. தெருவில் எலக்ட்ரீஷியன் யாரிடமாவது கட்டாயம் இருக்கும்.

தெர்மாமீட்டரை எடுப்பதற்கு முன் ரிமோட்டை ஒரு முறை பாருங்கள். சிரிப்பாக இருக்கலாம். ஆனால் புது மெஷினில் வருகிற புகார்களில் கணிசமானவை ரிமோட்டோடு முடிந்துவிடுகின்றன. இன்றைய இன்வர்ட்டர்களில் 80, 60, 40 சதவீதம் என்று திறனைக் குறைத்து ஓட்டும் வசதி இருக்கிறது. வீட்டுப் பிள்ளைகள் யாராவது அமுக்கி 40-ல் விட்டிருந்தால் 1.5 டன் மெஷின் 0.6 டன்னாக ஓடிக்கொண்டிருக்கும். எக்கோ, ஸ்லீப் இரண்டும் அணைந்திருக்கட்டும். உங்களுடையது ஹாட் அண்ட் கோல்ட் என்பதால் இன்னொன்றும் உண்டு. ஆட்டோவில் வைத்தால் குளிரா சூடா என்று மெஷினே முடிவெடுக்கும். சேலத்துக் கோடையில் அந்த முடிவை அதனிடம் விட வேண்டாம். பனிப்பூப் படம் தெரிகிற கூல் முறையை நீங்களே தேர்ந்தெடுத்து வையுங்கள்.

இனி சோதனை. வெயில் உச்சியில், மதியம் 3 மணி வாக்கில், கதவு ஜன்னலைச் சாத்தி, ரிமோட்டில் 16, விசிறி அதிகபட்ச வேகம், டர்போ இருந்தால் அதையும் போட்டு இருபது நிமிடம் ஓட விடுங்கள். 16-ல் வைக்கச் சொல்வது குளிருக்காக இல்லை. செட் செய்த அளவு நெருங்கினால் இன்வர்ட்டர் தானே வேகத்தைக் குறைத்துவிடும், சோதனை பொய்யாகிவிடும் என்பதற்காக. பிறகு உள் யூனிட்டின் மேல்பக்கம், காற்று உள்ளே போகிற இடத்தில் ஒரு அளவு; கீழே குளிர்காற்று வெளியே வருகிற வாயில் ஒரு அளவு. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் நமக்கு வேண்டியது. சித்திரையின் வறண்ட காற்றில் 10 முதல் 15 டிகிரி வரை வர வேண்டும். கோடை மழை பெய்து காற்றில் ஈரம் ஏறிய நாளில் கொஞ்சம் குறையும். மெஷினின் உழைப்பில் ஒரு பங்கு ஈரத்தைத் தண்ணீராக்குவதில் போய்விடும் அல்லவா? (வறண்ட நாளில் வடிகால் குழாயில் தண்ணீர் சொட்டவில்லை என்று சிலர் பதறுவார்கள். காற்றில் ஈரமே இல்லாதபோது எங்கிருந்து சொட்டும்?) 6, 7 டிகிரியில் நின்றுவிட்டால் மெஷினில் குறை இருக்கிறது.

வித்தியாசம் நன்றாக இருந்து காற்றின் அளவு மட்டும் குறைந்திருந்தால் அதுவும் குறைதான். ஃபில்டர் அடைத்திருந்தால் வருகிற கொஞ்சம் காற்று நன்றாகவே சில்லென்று இருக்கும், அறை மட்டும் குளிராது. மூன்று வாரத்தில் ஃபில்டர் அடைக்குமா என்றால், கன்னங்குறிச்சியில் அவ்வளவு சீக்கிரம் அடைக்காது. அம்மாப்பேட்டை, குகை, கொண்டலாம்பட்டிப் பக்கம் விசைத்தறிக்கு அடுத்த வீடென்றால் பஞ்சுத் தூசி இரண்டே வாரத்தில் போர்வை போலப் படிந்துவிடும். புது வீட்டில் பெயிண்ட், பட்டித் தூசி பறந்திருந்தாலும் அதே கதி. கழற்றிக் குழாயடியில் காட்டினால் போதும்.

இதே இருபதாவது நிமிடத்தில் மெஷின் இழுக்கிற மின்சாரத்தையும் பாருங்கள். முழு வேகத்தில் 1.5 டன் மெஷின் சுமார் 1,400 முதல் 1,800 வாட் இழுக்கும், அதாவது 6 முதல் 8 ஆம்பியர். கிளாம்ப் மீட்டர் இல்லாவிட்டால், வீட்டில் மற்றவற்றை அணைத்துவிட்டு ஈபி டிஜிட்டல் மீட்டரிலோ மெஷினின் செயலியிலோ பார்க்கலாம். இந்த எண்ணையும் வெப்ப வித்தியாசத்தையும் சேர்த்துப் பார்த்தால்தான் விஷயம் பிடிபடும்.

மின்சாரம் முழுதாக இழுத்து, வித்தியாசமும் 12 டிகிரி காட்டினால் உங்கள் மெஷின் ஆரோக்கியமாக இருக்கிறது; அறைதான் பாரம். மின்சாரம் வெறும் 500, 600 வாட்டில் நின்று, வித்தியாசமும் குறைவாக இருந்தால் கேஸ் குறைவு, அல்லது ஏதோ ஒரு சென்சார் அதைத் தடுத்து வைத்திருக்கிறது. மின்சாரம் அதிகம், குளிர் குறைவு என்றால் வெப்பம் வெளியே போக முடியாமல் தவிக்கிறது: வெளி யூனிட் அடைப்பு, குழாய்க்குள் காற்று, அல்லது கேஸ் கூடிப்போய்விட்டது. இந்த மூன்றாவது நிலையில் "கேஸ் கம்மி" என்று இன்னும் ஏற்றினால் என்னாகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

வெளி யூனிட்டுக்கு வருவோம். சேலத்தில் மொட்டை மாடி மூலையில், கைப்பிடிச் சுவரைப் பார்த்தபடி விசிறியை வைத்துவிட்டுப் போவது சகஜம். வெளியே தள்ளிய சூடான காற்று சுவரில் மோதித் திரும்பி அதே யூனிட்டின் முதுகு வழியாக மறுபடி உள்ளே போகும். நான்கு பக்கமும் அடைத்த டக்ட்டுக்குள் வைத்தாலும், திருட்டுப் பயத்தில் நெருக்கமான கம்பிக் கூண்டு போட்டாலும் இதேதான். மழைக்கு என்று வாங்கிய உறையைக் கழற்றாமல் ஓட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். சோதிப்பது சுலபம்: யூனிட்டின் முதுகுப் பக்கம் காற்று உள்ளே போகிற இடத்தில் தெர்மாமீட்டரை வையுங்கள், பத்தடி தள்ளி நிழலில் இன்னொரு அளவு எடுங்கள். முதுகுப் பக்கம் 3, 4 டிகிரிக்கு மேல் கூடுதலாக இருந்தால் அது தன் சூட்டையே தானே குடித்துக்கொண்டிருக்கிறது. இந்தியாவில் ஏசியின் திறனை வெளியே 35 டிகிரி என்று வைத்துத்தான் அளந்து லேபிளில் எழுதுகிறார்கள். சுற்றிலும் மலை சூழ்ந்த நம் ஊரில் கோடையில் 40-ஐச் சாதாரணமாகத் தொடுகிறது. வெயில் கொதிக்கும் மாடி மூலையில் சூடான காற்றும் திரும்பி வந்தால் 45-ஐத் தாண்டுவது பெரிய காரியமில்லை. திறன் அங்கேயே சரிந்துவிடும். விசிறிக்கு முன்னால் குறைந்தது ஒரு மீட்டராவது திறந்த வெளி வேண்டும். முதுகுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு சாண் போதும். நிழல் தர வேண்டுமானால் ஆள் உயரத்துக்கு மேலே ஷேட் நெட் கட்டலாம், பக்கங்கள் திறந்திருக்க வேண்டும். யூனிட் மேலேயே தார்ப்பாய் போர்த்தக் கூடாது.

குழாய்க்குள் காற்று சிக்குவது எப்படி என்றால், மாட்டும்போது குழாயில் இருக்கிற காற்றை உறிஞ்சி எடுக்கும் வேக்குவம் பம்ப் போடாததால். பழைய ஏசிகளில் கொஞ்சம் கேஸைத் திறந்துவிட்டு அதன் வேகத்தில் காற்றை வெளியே தள்ளிவிடுவார்கள். அவசர வேலையில் இன்னும் அந்தப் பழக்கம் போகவில்லை. உங்கள் மெஷினில் ஆர்32 கேஸ் இருக்கலாம், இப்போது வீட்டு ஏசிகளில் பெரும்பாலும் அதுதான். அது லேசாகத் தீப்பற்றக்கூடியது என்பதால் அப்படித் திறந்துவிடுவது ஆபத்து. கம்ப்ரசரில் இருக்கிற எண்ணெயும் ஈரத்தைச் சட்டென்று உறிஞ்சும் வகை. உள்ளே தங்கிய காற்று, வெளி யூனிட்டில் வெப்பத்தை வெளியே விடுகிற கண்டென்சரில் இடத்தை அடைத்து அழுத்தத்தை ஏற்றும். ராத்திரியில் ஓரளவு ஓடும், மதியம் திணறும். உங்கள் புகார் இதற்கும் பொருந்துகிறது, கவனியுங்கள். மாட்டிய அன்று கால் மணி, அரை மணி நேரம் பம்ப் ஒன்று சத்தமாக ஓடியதா என்று நினைவுபடுத்திப் பாருங்கள். ஓடவில்லை என்றால் என் முதல் சந்தேகம் அங்கேதான் போகும்.

கசிவு என்றால் பத்தில் எட்டு முறை, குழாயை யூனிட்டோடு இறுக்குகிற ஃபிளேர் நட் இருக்கும் நான்கு இடங்களில்தான்: உள் யூனிட்டில் இரண்டு, வெளியே இரண்டு. சோப்பு நுரை தடவினால் குமிழி விடும். எண்ணெய்ப் பிசுக்கும் காட்டிக்கொடுக்கும். வெளி யூனிட்டின் சின்னக் குழாய் வால்வில் வெள்ளையாக உறைபனி படிந்திருந்தால் கேஸ் குறைவு, அல்லது வழியில் எங்கோ நெரிசல். இரண்டில் எது என்று பார்க்க, சுவர் ஓட்டைக்குப் பக்கத்திலும் உள் யூனிட்டின் முதுகிலும் குழாய் மடங்கி நசுங்கியிருக்கிறதா பாருங்கள். அவசரத்தில் ஸ்பிரிங் போடாமல் வளைத்தால் செம்பு நசுங்கும். இன்னொன்றைப் பலரும் கவனிப்பதில்லை. இந்த ஸ்பிளிட்களில் கேஸ் விரிவடைகிற வேலை வெளி யூனிட்டிலேயே முடிந்துவிடுவதால், மெல்லிய குழாயும் தடித்த குழாயும் இரண்டுமே குளிர்ந்துதான் வரும். இரண்டுக்கும் தனித்தனிக் கருப்பு உறை வேண்டும். சின்னக் குழாயை வெறுமனே டேப் சுற்றி, மாடி வெயிலில் நான்கு மீட்டர் ஓட விட்டால் குளிரில் ஒரு பங்கு வானத்துக்குப் போகிறது.

கம்பெனி ஆள் வந்து கேஜ் மாட்டி, அழுத்தம் குறைவு என்றால்? ஆர்32-ல் குளிர்விக்கும்போது தாழ்வழுத்தம் சுமார் 120 முதல் 150 பிஎஸ்ஐ இருக்கும். ஆனால் இன்வர்ட்டரில் கம்ப்ரசர் வேகம் மாறிக்கொண்டே இருப்பதால் அழுத்தமும் மாறும். அதை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதக் கூடாது. முறையான வழி ஒன்றே ஒன்று: இருக்கிற கேஸை முழுக்க உருளைக்குள் இறக்கி எடை போடுவது, தகட்டு அளவோடு ஒப்பிடுவது, நைட்ரஜன் அடைத்துக் கசிவு பார்ப்பது, வேக்குவம் போடுவது, தராசு வைத்துப் புதிதாக நிரப்புவது. அரை நாள் வேலை. ஆளுக்கு எரிச்சலாக இருக்கும், இருக்கட்டும். வேலைச் சீட்டில் எத்தனை கிராம் எடுத்தார், எத்தனை கிராம் நிரப்பினார் என்று எழுதி வாங்குங்கள். வெளி ஆளை வைத்து ஏற்றினால் வாரன்டி போய்விடும் என்பது தெரிந்ததுதான். கம்பெனி இழுத்தடித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் புகார் சொல்லலாம். அந்தச் சீட்டு அப்போது உதவும்.

இதையெல்லாம் சொல்லிவிட்டேன். ஆனால் பந்தயம் கட்டச் சொன்னால், உங்கள் மேல்தளத்தின் மேல்தான் கட்டுவேன். ஒரு சின்னக் கணக்கு. 12க்கு 14 அடி, ஐந்து அங்குல கான்கிரீட் தளம் சுமார் 4,700 கிலோ எடை. அதை ஒரு டிகிரி இறக்க ஏறக்குறைய 1.1 யூனிட் (கிலோவாட் மணி) வெப்பத்தை வெளியே எடுக்க வேண்டும். அறைக்குள் இருக்கும் காற்று மொத்தமே 55 கிலோ சொச்சம். அதை ஒரு டிகிரி இறக்கத் தேவையானது இதில் எழுபதில் ஒரு பங்குகூட இல்லை. உங்கள் மெஷின் 5 கிலோவாட் குளிர்விக்கும் திறன் என்றால், வேறு வேலையே பார்க்காமல் தளத்தை மட்டும் குளிர்வித்தாலும் டிகிரிக்குக் கால் மணி நேரம் ஆகும். பகலெல்லாம் காய்ந்த தளம் ராத்திரி 9 மணிக்கு 38, 40-ல் இருக்கும். சுவர்களும் சூடாகத்தான் இருக்கும். 1 மணிக்குக் குளிர் வருகிறது என்று நீங்கள் சொன்னது இந்தக் கணக்கோடு அப்படியே ஒத்துப்போகிறது. மதியம் 3 மணிக்கு இன்னும் மோசம்: என் கணக்கில் வெள்ளை பூசாத தளம் வழியாக மட்டுமே ஒன்றரை கிலோவாட் வரை வெப்பம் இறங்கும். மேற்குச் சுவர், மேற்கு ஜன்னல் இருந்தால் இன்னொரு கிலோவாட் சேரும். மேலே வெயில் நேரத்தில் திறனும் சரிந்திருக்கும் என்றேன். மிச்சம் எவ்வளவு இருக்கும் என்று பாருங்கள்.

கூடவே நட்சத்திர லேபிளையும் படியுங்கள். 1.5 டன் என்றால் 5,275 வாட். கடையில் 1.5 டன் என்று விற்கிற எல்லாவற்றிலும் அத்தனை இருப்பதில்லை, 4,800 என்று போட்டவையும் உண்டு.

இதற்கு மருந்து மெஷினில் இல்லை, மாடியில் இருக்கிறது. செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு, மேலே தட்டோடு பதித்த பழைய தளங்கள் கொஞ்சம் தாங்கும். புதுக் கட்டடங்களில் அதைச் செலவு என்று விட்டுவிடுகிறார்கள். குறைந்த செலவில் ஆக வேண்டுமானால், மாடியை நன்றாகக் கூட்டிக் கழுவி, வெள்ளைச் சுண்ணாம்பு இரண்டு கை அடியுங்கள். ஒரு பெருமழைக்குக் கரையும், அடுத்த பங்குனியில் மறுபடி அடிக்க வேண்டும். நிலைத்து நிற்க வேண்டுமென்றால் வெயிலைத் திருப்பி அனுப்பும் கூல் ரூஃப் பெயிண்ட், அல்லது வெள்ளை டைல்ஸ். அடிப்பதற்கு முந்தைய நாளும் அடித்த பிறகும் மாலை 5 மணிக்கு அறையின் உட்கூரையில் தெர்மாமீட்டர் முனையை ஒட்டி அளந்து பாருங்கள், வித்தியாசம் உங்களுக்கே தெரியும். மேற்கு ஜன்னலுக்கு உள்ளே திரை போடுவதைவிட வெளியே தட்டியோ மூங்கில் பாயோ தொங்கவிடுவது பலமடங்கு மேல். கண்ணாடியைத் தாண்டி வந்த வெயில் அறைக்குள் வந்ததுதான், திரை அதைத் திருப்பி அனுப்பாது. கதவுக்கு மேலே பழைய பாணி வென்டிலேட்டர் திறந்திருந்தால் மூடுங்கள். குளியலறை எக்சாஸ்ட் ஓடிக்கொண்டிருந்தால் அது வெளிச் சூட்டை உள்ளே இழுக்கும். வெள்ளை அடிக்கிற வரைக்கும், 9 மணிக்குப் பதில் 6 மணிக்கே 26-ல் போட்டு மெதுவாக ஓட விடுங்கள். சுவருக்கும் தளத்துக்கும் இறங்க நேரம் கிடைக்கும்.

ராத்திரி 7 முதல் 10 வரை மட்டும் குளிர் குறைந்தால் வோல்டேஜையும் பாருங்கள். தெருவே ஏசி போடுகிற நேரம் அது. பிளக் பாயின்டில் 200-க்குக் கீழே இறங்கினால் இன்வர்ட்டர் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைக்கக்கூடும்.

கடைசியாக, ஹாட் அண்ட் கோல்ட் என்பதற்கே உரிய சங்கதி. வெப்பத்தை உள்ளிருந்து வெளியேயும் வெளியிலிருந்து உள்ளேயும் மாற்றி அனுப்ப ஃபோர் வே வால்வு ஒன்று இருக்கிறது. அது பாதியில் மாட்டிக்கொண்டால் சூடான கேஸ் குளிர்ந்த பக்கம் கசிந்து, கேஸ் குறைவு மாதிரியே வேஷம் போடும். வால்வுக்குள் போகிற தடித்த குழாய்க்கும், அதிலிருந்து கம்ப்ரசருக்குத் திரும்புகிற குழாய்க்கும் இரண்டு டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. இதை டெக்னீஷியன்தான் வெளி யூனிட்டைத் திறந்து அளக்க வேண்டும். தகட்டு அளவுக்குக் கேஸ் சரியாக இருந்தும் குளிரவில்லை என்றால் இதைக் கேளுங்கள். சித்திரையில் மாட்டுகிறவர்கள் யாரும் சூடு முறையைப் போட்டுப் பார்ப்பதில்லை, மார்கழியில்தான் தெரியவரும். வாரன்டி ஆள் வரும்போது காலை வெயில் ஏறுவதற்கு முன் பத்து நிமிடம் ஹீட்டில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். வெயிலில் சில மெஷின்கள் ஹீட்டை மறுக்கும், அது குறை இல்லை.

ஏற்காட்டில் வீடு வைத்திருப்பவர்கள் இதே மெஷினை அங்கே போடலாமா என்று அடிக்கடி கேட்பார்கள். போடலாம். 1,500 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி இங்கிருப்பதைவிட ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு குறைவு. அதே விசிறி குறைந்த எடைக் காற்றைத்தான் தள்ளும், திறனும் கொஞ்சம் குறையும். அங்கே குளிர்விக்கிற வேலை குறைவு என்பதால் அது தெரியாது. பனிமூட்டமான ராத்திரியில் ஹீட்டில் ஓடும்போது வெளி யூனிட்டில் உறைபனி படிந்து, மெஷின் சில நிமிடம் சூடு தருவதை நிறுத்தித் தன்னைத்தானே உருக்கிக்கொள்ளும். அப்போது வெளியே ஆவி கிளம்பும், தண்ணீர் வழியும். அதற்காக அடிவாரத்திலிருந்து மெக்கானிக்கை வரவழைக்க வேண்டாம்.